கொளுத்தினவை எங்கை போனவை

இல்லை ஐயா, மேலை ஏறிப் போய்ப் பிரியோசனம் இல்லை, கதவு பூட்டு. மேல்வீட்டு அன்னபாக்கியம் அக்கா கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போட்டா. செவ்வாய்க்கிழமையெல்லே இண்டைக்கு. சைவக்காரிதான், ஆனா செவ்வாய் எண்டால் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் அவவுக்குச் சோறு இறங்காது. பஸ் மாறி வாறதெண்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். வெயிலுக்கை நிண்டு என்ன செய்யப்போறியள், உள்ளை வந்து இருங்கோ. அந்தக் கதிரையிலை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதிலை இருங்கோ.

சந்தியிலை பொலிசு மறிச்சவங்களோ? அடையாள அட்டையைப் பாத்திட்டு விட்டவங்கள்தானே. கொட்டாஞ்சேனை விலாசத்தைக் கண்டால் வெள்ளவத்தையிலை என்ன வேலை எண்டு கட்டாயம் கேப்பாங்கள். என்ன சொன்னனீங்கள்? கலியாண விசயம் எண்டோ. அது நல்லது. கலியாணம் எண்டால் அவங்களும் சிரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள்.

ஓ, மெய்யாவே கலியாண விசயமோ. உங்கட மகளுக்கோ. ரீச்சரோ, நல்லது. ஆர் மாப்பிள்ளை?

சிவபாலன்.

ஓம், தெரியும். இந்த வீட்டு முன்னறையிலை வாடகைக்கு இருந்த சிவபாலன்தானே, இப்ப லண்டன். மாப்பிள்ளை வீட்டார் தந்த விலாசம் கொட்டாஞ்சேனையிலை எல்லே இருக்கும்? அதுக்குப் போகாமல் அவர் முந்தி இருந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு வந்திருக்கிறியள். கெட்டிக்காரர் ஐயா நீங்கள். எல்லாரும் அவை கை காட்டின வீட்டிலை போய்க் கேட்டு, அவை சொல்லிவைச்ச கதையைக் கேட்டுக்கொண்டு போறவை. பெத்த பிள்ளையைக் குடுக்கிறதெண்டால் இப்பிடித்தான் விசாரிக்கோணும்.

நானோ? நான் இஞ்சை கனகாலம். என்னை விடுங்கோ, மாப்பிள்ளையைப் பற்றித்தானே கேக்க வந்தனீங்கள். கேளுங்கோ. அன்னபாக்கியம் அக்காவுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கும் தெரியும். குடியோ? இல்லை. சிகரெட் இல்லை, வெத்திலையும் இல்லை. வெள்ளி எண்டால் கோயில். மச்சம் மாமிசம் தொடார். வாடகையைச் சொன்ன நாளுக்குக் கொண்டுவந்து குடுப்பார். கண்ட இடத்திலை நிண்டு வம்பளக்கிற ஆளும் இல்லை. ஒரேயொரு பழக்கம் இருந்தது. ராக்கெட்.

சிரிக்காதேங்கோ, பகிடிக்குச் சொல்லேல்லை. கோட்டையிலை ஒரு கப்பல் கொம்பனியிலை கிளாக்காய் இருந்தவர். பின்னேரம் வந்து மேல் கழுவிப்போட்டு, இந்த விறாந்தையிலை கதிரையை இழுத்துப் போட்டால் தொடங்கீடும். எங்கையோ ஒரு பழைய புத்தகக் கடையிலை வாங்கின புத்தகங்கள், எல்லாம் இங்கிலிஸ், எல்லாம் ராக்கெட். கேக்கிறதுக்கு இந்த வீட்டுக்காரர் நாகேந்திரத்தார் இருப்பார், றெயில்வே பென்சன்காரர், அவருக்கும் பின்னேரத்திலை வேற வேலை இல்லை. சந்தியிலை கொப்பி பென்சில் கடை வைச்சிருக்கிற ராசிக் நானா சில நாளைக்கு வருவார். பிறகு வீட்டுக்காரரின்ரை மகள், கௌரி எண்டு. பாலர் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற பிள்ளை, வடிவாய்ப் படம் கீறும். தாய் இல்லை. அந்தா, அந்தக் கதவு நிலையோடை நிண்டு கேட்டுக்கொண்டு நிக்கும்.

கதை சொல்லுறதிலை ஆள் மன்னன் ஐயா, அதை இல்லையெண்டு சொல்லமாட்டன். கிரேக்க நாட்டிலை ஒருத்தர் மரத்தாலை ஒரு புறா செய்தவராம். உள்ளுக்கை ஆவி. ஆவி பின்னாலை சீறிக்கொண்டு போகப் புறா முன்னாலை போகுமாம். அங்கையிருந்துதான் தொடங்குவார். பின்னாலை ஒண்டைத் தள்ளினால்தான் முன்னாலை போகலாம், இவ்வளவுதான் ராக்கெட் எண்டுவார். பிறகு சீனாக்காரர். குழாய்க்குள்ளை வெடிமருந்தை அடைச்சு அம்பிலை கட்டி விட்டவையாம். எங்கட கோயில் திருவிழா வாணம் இருக்கெல்லே, அதேதான், என்ன, இது ஆக்களைப் பாத்து விட்டது. பிறகு மைசூரிலை திப்பு சுல்தான், அவர் இரும்புக் குழாய். வெள்ளைக்காரன் அதிலை நல்லா வாங்கிக்கட்டிப்போட்டு, விழுந்து கிடந்ததுகளைப் பொறுக்கிக்கொண்டு லண்டனுக்குப் போய், அவிட்டுப் பாத்து, தன்ரை சரக்கு மாதிரிச் செய்தானாம். இந்த இடம் வந்தால் ராசிக் நானாவுக்குப் பொல்லாத சந்தோசம். திரும்பச் சொல்லுங்கோ தம்பி எண்டு கேட்டு வாங்குவார்.

ரஷ்யாவிலை காது கேளாத ஒரு வாத்தியார், கணக்கை மட்டும் எழுதி வைச்சிட்டுச் செத்துப் போனார். அமெரிக்காவிலை ஒருத்தர் தன்ரை மாமியின்ரை தோட்டத்திலை வைச்சு விட, அது கொஞ்சம் எழும்பிக் முட்டைக்கோவாப் பாத்திக்குள்ளை விழுந்ததாம். பேப்பர்க்காரர் அவரைப் பகிடி பண்ணினவையாம். பிறகு ஜெர்மன்காரர் ஒருத்தர். உலகச் சண்டையிலை லண்டனுக்கு மேலை போடச் செய்து குடுத்தவர். சண்டை முடிய அமெரிக்கன் கூப்பிட்டான், போயிட்டார். அங்கை சந்திரனுக்கு அனுப்பச் செய்து குடுத்தவர். லண்டனிலை செத்த ஆக்களைப் பற்றி அவரிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையோ எண்டு அந்தப் பிள்ளை கேட்டது. கெட்டிக்காரரிட்டை உலகம் உதுகளைக் கேக்கிறேல்லை எண்டார் சிவபாலன். அப்ப எங்களுக்கு அது ஒரு கதையாவே படேல்லை.

தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ? வருத்தம் ஒண்டும் இல்லையே. இந்தாங்கோ.

ஓம், அதைத்தான் கேக்கிறியள் எண்டு தெரியும். இந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவருக்கும் பேசினதுதான். தரகர் அதைச் சொல்லேல்லையோ? சொல்லமாட்டார். வெளிப்படையாய்த்தான் நடந்தது ஐயா, ஒளிச்சு மறைச்சு ஒண்டும் இல்லை. அவரே நாகேந்திரத்தாரிட்டை வந்து கேட்டவர். சாதகமும் பொருந்தினது. எப்பிடித் தொடங்கினது எண்டு சொன்னால் சிரிப்பியள். அதுக்கும் ராக்கெட்தான் காரணம்.

வான் ஹூ எண்டு ஒரு சீனத்து அதிகாரி. பழங்கதை, நடந்ததோ தெரியாது எண்டு சிவபாலனே சொல்லுவார். சந்திரனுக்குப் போற ஆசையிலை ஒரு கதிரைக்குக் கீழை நாப்பத்தேழு வாணம் கட்டுவிச்சாராம். நல்ல உடுப்பு உடுத்து ஏறி இருந்தார். ஆளுக்கொரு பந்தத்தோடை வேலைக்காரர் வந்து, எல்லாத்துக்கும் ஒண்டாய் நெருப்பு வைச்சுப்போட்டு ஓடினவை. பெரிய சத்தம். புகை அடங்கிப் பாத்தால் கதிரையும் இல்லை, ஆளும் இல்லை. இதைக் கேட்ட ஆக்கள் எல்லாரும், ஆள் சந்திரனுக்குப் போய்ச் சேர்ந்தாரோ எண்டுதான் கேப்பினமாம். அந்தப் பிள்ளை கேட்டது, கொளுத்தினவை எங்கை போனவை எண்டு. சிவபாலன் கையிலை இருந்த புத்தகத்தை மூடிப்போட்டு, இதை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டார். அண்டையிலையிருந்துதான் அவர் அந்தப் பிள்ளையை ஒரு மாதிரிப் பாக்கத் தொடங்கினவர்.

அந்த வரியம் சரஸ்வதி பூசைக்கு இஞ்சை தமிழ்ச் சங்க மண்டபத்திலை ஒரு கண்காட்சி வைச்சவை. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு. ராக்கெட்டின்ரை கதை முழுக்க, மரப் புறாவிலையிருந்து சந்திரன் மட்டும். சொல்லுறது அவர், கீறிறது கௌரி. படம் கீறப் பிறிஸ்ரல் போட் மட்டையளை ராசிக் நானா கொண்டுவந்து குடுத்தார். இந்த நிலத்திலை பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்து கீறினது அந்தப் பிள்ளை. வான் ஹூவுக்கு முகம் வேணுமே, சீனன்ரை முகத்துக்கு எங்கை போறது? கோல் ரோட்டிலை பல்லுக் கட்டிற சீனாக்காரர் ஒருத்தர் இருந்தவர். பல்லுக் கொதி எண்டு போய், அவர் வாயைப் பாக்க இது அவற்றை முகத்தைப் பாத்துக்கொண்டு வந்து கீறினது. எல்லாத்திலையும் அந்தப் படம்தான் திறம்.

முடிஞ்ச பிறகு சிவபாலன் சொன்னார், கீழை உங்கட பேரைப் போடுங்கோ கௌரி, பெரிசாய்ப் போடுங்கோ எண்டு. அந்தப் பிள்ளை, உங்கட பேரையும் போடுவம் எண்டது. எனக்கு எதுக்கு, நான் வாயாலை கதைக்கிற ஆள், படம் உங்கடை எண்டார். தமிழிலை ஒருக்கா, சிங்களத்திலை ஒருக்கா. சிங்களப் பிள்ளையளும் வந்து பாப்பினம், வாசிக்கட்டும் எண்டு. இந்தப் பிள்ளைக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. அவர்தான் கையைப் பிடிச்சு எழுதுவிச்சவர். சிவப்பு மை. அதிலை அந்தப் பிள்ளைக்கு வந்த பெருமை இருக்கே, ஒரு நகைநட்டுக்கும் அப்பிடி வந்திராது.

ஓம், அந்தச் சுவரிலை சதுரமாய் வெளிறித் தெரியிற இடம். அதிலைதான் வான் ஹூ தொங்கினவர். பூசை முடிஞ்சு படங்களை வீட்டை கொண்டுவந்து, நல்லதை வாசலுக்கு நேரை கொழுவினது. சுத்திவரப் புகை படிஞ்சுபோச்சு, அது மட்டும் பழைய நிறம். வெள்ளை அடிக்கோணும். அடிக்க மனம் வரேல்லை.

இயக்கம் அடிச்சுக் கொலன்னாவையிலை எண்ணெய்த் தாங்கியள் எரிஞ்சது உங்களுக்கு நினைவிருக்கும். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கொழும்பு முழுக்கக் கரும்புகை, கொடியிலை காயப்போட்ட வேட்டியிலையும் கரி. எங்கட ஆக்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கட ஒழுங்கையை ரெண்டு பக்கத்தாலையும் பொலிசு வளைச்சிட்டாங்கள். வந்திருந்த பொலிசு பொல்லாதவன் எண்டு சொல்லமாட்டன். சப்பாத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் உள்ளை வந்தவன். வந்து, நிமிந்து படத்தைப் பாத்தவன் அப்பிடியே நிண்டிட்டான்.

அவன்ரை கண்ணாலை பாருங்கோ ஐயா. ஒருத்தன் கதிரையிலை இருக்கிறான். இடுப்பிலை கயிறு. கதிரைக்குக் கீழை வரிசையாய்க் குழாய். சுத்திவரப் பந்தம் பிடிச்சுக்கொண்டு ஆக்கள். வெளியிலை கொலன்னாவை இன்னும் மணக்குது. வீடு தமிழ் வீடு. அவன் வேற என்னத்தை நினைப்பான்?

ஆர் கீறினது எண்டு சிங்களத்திலை கேட்டான். கேக்கத் தேவையில்லை, பேர்தான் சிவப்பு மையிலை கிடக்கே. மம எண்டு அந்தப் பிள்ளை சொன்னது, நான்தான் எண்டு. அதுக்கு மேலை சொல்ல அதுக்குச் சிங்களம் காணாது, கடையிலை வெங்காயம் வாங்கிற சிங்களம் மட்டும்தான். நாகேந்திரத்தார் அண்டைக்குப் பாத்துக் கோயிலுக்குப் போட்டார். அதாலை அந்தப் பிள்ளை திரும்பிச் சிவபாலனைப் பாத்தது. பயத்திலை பாக்கேல்லை ஐயா. இவர் இருக்கிறார்தானே, இப்ப சொல்லுவார் எண்டு பாத்தது. சிங்களம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கண்காட்சியிலை ரெண்டு சிங்கள ரீச்சர்மாருக்கு அதே படத்துக்கு முன்னாலை நிண்டு, அதே கதையை அடிநுனி விடாமல் சொன்னவர். இப்ப மரப் புறாவிலை தொடங்கத் தேவையில்லை. இது சீனாக்காரரின்ரை பழங்கதை, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் கீறினது. இவ்வளவு சொன்னால் காணும்.

மம தன்னே நே எண்டார். எனக்குத் தெரியாது.

வரியக்கணக்காய் ராக்கெட் கதைச்ச மனுசனுக்கு அண்டைக்கு ராக்கெட் எண்டால் என்னெண்டு தெரியேல்லை. பொலிசு இந்தப் பிள்ளையைக் காட்டி, இவ உனக்கு ஆர் எண்டு கேட்டான். கவுருத் நே எண்டார். ஒருத்தரும் இல்லை. நான் சும்மா அறை எடுத்து இருக்கிற ஆள் எண்டார். பொலிசு அந்தப் பிள்ளையின்ரை கழுத்தைப் பாத்தான். அங்கை ஒண்டும் இல்லை. அந்தளவிலை அவனுக்குச் சரி. படத்தையும் கழட்டி, அந்தப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்.

கனகாலம் ஐயா. அடுத்த தீபாவளியும் உள்ளுக்கைதான் போனது. அங்கை என்ன நடந்ததெண்டு கேக்காதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. கேள்வி மட்டும் சொல்லுறன். கதிரையிலை இருக்கிறவன் ஆர், அவனுக்குக் கொளுத்த நிக்கிறவை ஆர், அவை இப்ப எங்கை. காலமையும் அதுதான், பின்னேரமும் அதுதான். கொளுத்தினவை எங்கை? தான் ஒரு பின்னேரம் ஆசையாய்க் கேட்ட கேள்வியையே அடிச்சுக் கேக்கினம் எண்டால், அந்தப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்.

அவரோ? அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போட்டார். நாகேந்திரத்தார் தேடிப் போனவர். தம்பி, ஒருக்கா வந்து சிங்களத்திலை அந்தக் கதையைச் சொல்லுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம் எண்டு கேக்கப் போனவர். ஆள் இல்லை எண்டு வீட்டுக்காரர் சொன்னவை. செருப்பு வாசலிலை கிடந்ததாம். நாகேந்திரத்தார் அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டுத் திரும்பி வந்தவர். தையிலை லண்டன். திப்புவின்ரை வாணம் போய்ச் சேர்ந்த ஊருக்குத்தான் இவரும் போய்ச் சேர்ந்தவர். பின்னாலை ஒண்டைத் தள்ளினால்தானே முன்னாலை போகலாம்.

கடைசியிலை போய்ச் சொன்னது ஆர் தெரியுமே? ராசிக் நானா. ஒருத்தரும் கூப்பிடேல்லை. தன்ரை பாட்டிலை விசாரணைக்குப் போய், பிறிஸ்ரல் போட் வித்தது நான்தான், கண்காட்சிக்கு என்ரை மகளும் போனவ எண்டு சொன்னவர். அங்கை பொலிசுப் பெரியவன் ராக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறான். மனுசனுக்கு அந்தக் கதை எங்கை ஒழுங்காய் ஞாபகம். சீனாக்காரரைத் திப்புவின்ரை படையிலை சேத்து, திப்புவைச் சந்திரனுக்கு அனுப்பி, முட்டைக்கோவாத் தோட்டத்தை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், எல்லாம் பிழை. ஒண்டும் சரியில்லை. பெரியவன் கேட்டுக் கேட்டுக் கடைசியிலை சிரிச்சிட்டானாம். இது சின்னப்பிள்ளையளின்ரை கதை எண்டு அப்பதான் அவனுக்கு விளங்கினது. அதுக்குப் பிறகும் கொஞ்ச மாதம் செண்டுதான் விட்டவங்கள். ஆனா கதவு திறந்தது அந்தப் பிழையான கதையாலைதான். சரியாய்ச் சொல்லத் தெரிஞ்சவர் லண்டனிலை.

நாகேந்திரத்தார் மகள் வந்த அடுத்த வரியம் போய்ச் சேர்ந்திட்டார். அந்தா, மாலை போட்டுக் கிடக்கிற படம், அவர்தான்.

ஓம் ஐயா. எல்லாரும் சொல்லுறவை. மூக்கு அப்பாவின்ரை மூக்குத்தான்.

எழும்பாதேங்கோ, இருங்கோ. நான் உங்களிலை கோவிக்கேல்லை. அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை எண்டு சொன்னால்தான் எனக்கு இதை முழுக்கச் சொல்ல வாறது. நான் எண்டு தொடங்கினால் பாதியிலை எழும்பிக் குசினிக்குப் போயிடுவன். நான் உங்களைத் தேடி வரேல்லை, மொட்டைக் கடுதாசி போடேல்லை, ஒரு கலியாணத்தையும் குழப்பப் போகேல்லை. நீங்கள் வந்து கேட்டனீங்கள், நான் சொன்னனான். ஆளைப் பற்றிச் சொன்னதிலையும் பொய்யில்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை. உங்கட மகளுக்கு வடிவாய்க் கதை சொல்லுவார். அவர் சொல்லேக்கை அவற்றை முகத்தைப் பாத்தால் ஆரும் நம்புவினம். நானும் நம்பினனான். அடி மறந்துபோச்சு ஐயா, உண்மையாய் மறந்துபோச்சு. அந்த ரெண்டு சொல்லு மறக்குதில்லை. கவுருத் நே. மீன்காரன் தெருவிலை ஆருக்கோ அதைச் சொன்னாலும் நான் யன்னலைச் சாத்திப்போடுவன்.

என்ன? ஓம், பேசிக் குழம்பிறது எல்லா வீட்டிலையும் நடக்கிறதுதான். நீங்கள் சொல்லுறது சரி. சும்மா பேச்சோடை நிண்டிருந்தால் நானும் இவ்வளவு கதைச்சிருக்கமாட்டன், தேத்தண்ணியைத் தந்து, நல்ல பெடியன், குடுங்கோ எண்டு அனுப்பியிருப்பன். உங்கட மகளுக்கு லண்டன் விசா எடுக்கேக்கை, மாப்பிள்ளை தனி ஆள், முந்திக் கலியாணம் இல்லை எண்டு கடுதாசி கேப்பாங்கள். அதிலைதான் கரைச்சல். எங்களுக்குத் தாலிதான் கட்டேல்லை. அவற்றை தாய் தேப்பன் யாழ்ப்பாணத்திலையிருந்து இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்து வர ஏலாமல் கிடந்தவை, அவை வரட்டும், தையிலை கட்டுவம் எண்டு விட்டது. கலியாணப் பதிவு எழுத்து ஆவணியிலையே முடிஞ்சது. பதிவுகாரர் இந்த விறாந்தைக்குத்தான் வந்தவர். தாலி கட்டுமட்டும் அவர் முன்னறையிலை, நான் உள்ளை. எங்கட ஆக்களின்ரை வழக்கம் உங்களுக்குத் தெரியாததே. அதாலைதான் அண்டைக்கு என்ரை கழுத்து வெறுங்கழுத்து. சட்டப்படி அவற்றை பெண்சாதியை நிப்பாட்டி வைச்சுக்கொண்டுதான் ஒருத்தரும் இல்லை எண்டவர். அந்த எழுத்தை இன்னும் வெட்டேல்லை ஐயா, விவாகரத்து இல்லை. அவர் கேக்கவும் இல்லை, நான் குடுக்கவும் இல்லை.

கேற் சத்தம் கேக்குது. அன்னபாக்கியம் அக்காதான். நீங்கள் அவவைக் கேக்கத்தானே வந்தனீங்கள், நான் சொன்னதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ, அவவையும் கேளுங்கோ. எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சது அவதான்.

அக்கா, மேலை ஏறாதேங்கோ, ஒருக்கா இஞ்சை வந்திட்டுப் போங்கோ. ஒரு ஐயா வந்து காவலிருக்கிறார். எங்கட வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கவாம்.